மலைக்கு வேறு கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை ஓயாது கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில், குந்தாவில் எங்கள் அண்டை வீட்டுப் பெரியவர் வஃபாத்தானார். அவருடைய ஒரே மகன் ஷார்ஜாவில் பணியிலிருந்தார். செய்தி கிடைத்த சில மணி நேரத்திற்குள் அவருக்கு விமானத்தில் இடம் கிடைத்தது. ஷார்ஜாவில் ஏறியவர் நான்கு மணி நேரத்தில் கோவை விமான நிலையத்தில் இறங்கிவிட்டார். அப்போது சுபுஹுக்கு இன்னும் பாங்கு சொல்லியிருக்கவில்லை. "மகன் வந்துவிட்டார், காலை பத்து மணிக்குள் மலையேறி விடுவார்" என்று வீட்டார் ஆறுதல் கொண்டனர். ஜமாஅத்துப் பெரியவர்களும் காத்திருக்க இசைந்தனர்.

குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்து வழி அடைபட்டிருந்தது. கோத்தகிரி வழியாகத் திரும்பிய வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. முள்ளி வழியில் மரம் விழுந்து கிடந்தது. ஜனாஸாவைத் தாமதப்படுத்தலாகாது என்பதால், லுஹர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் செய்வதென முடிவாயிற்று. மகன் வந்து சேர்ந்தபோது மையவாடியிலிருந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். ஈர மண்ணின் அருகே நின்று அவர் என்னிடம் சொன்ன சொல் இன்னும் என் செவியில் இருக்கிறது: "கடலைத் தாண்ட நாலு மணி நேரம்தான் ஆச்சு மாமா. மேட்டுப்பாளையத்தைத் தாண்டத்தான் முடியலை. அத்தா முகத்தைப் பார்க்க முடியாமப் போச்சே!"

ஷார்ஜாவிற்கும் கோவைக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 2,770 கிலோமீட்டர். கோவை விமான நிலையத்திற்கும் குந்தாவிற்கும் இடையே நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டரை ஒட்டிய தொலைவே உண்டு. முன்னதற்கு நான்கு மணி நேரம். பின்னதற்கு அன்று ஒன்பது மணி நேரம். இவ்விரண்டில் எது தொலைவு, எது அண்மை? இவ்வினாவை எழுப்பிக்கொண்டு பழைய ஏடுகளைப் புரட்டியபோது, இது இன்று நேற்று எழுந்த வினாவன்று என்பது தெளிவாயிற்று. நம் முன்னோர் நூற்றாண்டுகளுக்கு முன்பே இதனை எழுப்பி, விடையும் தேடியிருக்கின்றனர்.

நாழிகை வழி

தமிழர் தொலைவைக் குறிக்க வழங்கிய சொற்களைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். 'நாழிகை வழி' என்றனர். நாழிகை என்பது இருபத்து நான்கு நிமிடம் கொண்ட காலம். அக்காலத்தில் ஒருவன் நடந்து கடக்கும் வழியே நாழிகை வழி. அத்தகைய ஏழரை நாழிகை வழியைக் 'காதம்' என்று கூறுவது வழக்கு. அதாவது, மூன்று மணி நேர நடை ஒரு காதம்; ஏறத்தாழ பத்து மைல். நிலத்தை அளக்கக் கோலும் கயிறும் இருந்தன என்றாலும், பயணத்தை அளக்கக் காலே கோலாயிற்று. நடக்கும் காலும் கடக்கும் காலமும் ஒரே சொல்லை ஒட்டி நிற்பது தமிழுக்கு வாய்த்த அழகு.

'கூப்பிடு தூரம்' என்பது மற்றொன்று. ஒருவன் குரல் மற்றவன் செவிக்கு எட்டும் எல்லை அது. சமவெளியில் கூப்பிடு தூரத்தில் உள்ளவனைச் சில நிமிடங்களில் சென்றடையலாம். மலையில் அது நடவாது. குந்தாப் பகுதியில் ஒரு சரிவில் நின்று எதிர்ச்சரிவில் தேயிலை பறிப்போரைக் கூவி அழைத்தால் அவர்கள் திரும்பிப் பார்ப்பர், மறுமொழியும் கூறுவர். அவர்களிடம் போய்ச் சேர வேண்டுமானாலோ, பள்ளத்தாக்கில் இறங்கி, ஓடையைக் கடந்து, மீண்டும் ஏற வேண்டும். குரலுக்கு ஒரு தொலைவு, காலுக்கு ஒரு தொலைவு என்பதை மலைவாசி பிறந்தது முதல் அறிவான்.

இரு இமாம்கள் வழி

பயணத்தில் இருப்பவர் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழலாம் என்பது நாம் அனைவரும் அறிந்த சலுகை. எவ்வளவு தொலைவு சென்றால் அது பயணம் என்ற கேள்வி எழுந்தபோது, மார்க்க மேதைகள் இரு வகையாக விடை கண்டனர். அவ்விரு விடைகளும் நம் பொருளுக்கு மிக நெருக்கமானவை.

ஷாபிஈ மத்ஹபினர் இரண்டு மர்ஹலா என்றனர். மர்ஹலா என்பது சுமை ஏற்றிய ஒட்டகம் ஒரு நாளில் கடக்கும் வழி. அதனைப் பதினாறு ஃபர்ஸக் என்றும், ஒரு ஃபர்ஸக் மூன்று மைல் என்றும் கணக்கிட்டு, நாற்பத்தெட்டு மைல் என நிலைநிறுத்தினர். நடையில் பிறந்த அளவு நிலத்தில் நிலைத்துவிட்டது. ஒருமுறை மைலாகிவிட்ட பின், அதனை எவ்வளவு நேரத்தில் கடந்தாலும் சட்டம் மாறாது என்பது அவர்கள் முடிவு. ஹிஜ்ரி 676 இல், அதாவது கி.பி. 1277 இல் மறைந்த இமாம் நவவீ அவர்கள் தமது 'மின்ஹாஜ்' நூலில் கடற்பயணத்தைக் குறித்துக் கூறும் கருத்து வியப்பூட்டுவது. கடலும் நிலத்தைப் போன்றதே. அந்த மைல்களை ஒருவர் ஒரு மணி நேரத்திற்குள் கடந்துவிட்டாலும் அவர் பயணியே என்று அவர்கள் தெளிவுபடுத்துகின்றனர். பாய்மரக் கப்பலைத் தவிர வேறு விரைவு ஊர்தி அறியாத காலத்தில், சிரியா நாட்டின் நவா என்னும் ஊரில் பிறந்த ஒருவர், விமானப் பயணிக்கும் பொருந்தும் விடையை எழுதி வைத்திருக்கிறார்!

ஹனஃபி மத்ஹபினர் மூன்று நாள் நடை என்றனர். இடையிடையே ஓய்வும் உணவும் கொண்ட இயல்பான நடை அது. பிற்காலத்தில் நம் நாட்டு ஆலிம்கள் எளிமை கருதி அதையும் மைலாக்கித் தந்தனர் எனினும், மூலக் கணக்கு காலத்தை ஒட்டியதே. அதனால் அவர்களுக்கு வேறொரு கேள்வியையும் சந்திக்க வேண்டியிருந்தது: சமவெளியில் ஒரு நாளில் கடக்கும் வழியை மலையில் மூன்று நாளில்தான் கடக்க முடியும் என்றால்? ஹிஜ்ரி 593 இல் (கி.பி. 1197) மறைந்த மர்கீனானி அவர்களின் 'ஹிதாயா' இதற்கு இடம் தருகிறது. கடலை அதன் நிலைக்குத் தக்கவாறும், மலையை அதன் நிலைக்குத் தக்கவாறும் கணக்கிட வேண்டும் என்பது அதன் கருத்து. ஒரே ஊருக்கு இரு வழிகள் இருந்து, ஒன்று நெடியதாகவும் மற்றது குறுகியதாகவும் இருப்பின், பயணி எவ்வழியில் சென்றாரோ அவ்வழியின் கணக்கே அவருக்குரியது என்றும் ஹனஃபி நூலோர் விளக்கினர்.

மஸ்அலாவின் நுட்பங்களை ஆலிம்களிடமே கேட்டறிய வேண்டும். நாம் இங்கே எடுத்துக்கொள்வது அவற்றின் பின்னுள்ள சிந்தனையை மட்டுமே. ஒரு சாரார் இடத்தை அளந்தனர். மறு சாரார் மனிதன் படும் பாட்டை அளந்தனர். இரண்டும் தேவையான அளவுகள். மலைக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு என்பதை மத்திய ஆசியாவின் ஃபர்கானாப் பகுதியைச் சேர்ந்த ஒரு பெரியார் எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஏற்றுக்கொண்டார் என்பதை எண்ணும்போது, குந்தா மக்களாகிய எங்களுக்கு ஒருவகை ஆறுதல் பிறக்கிறது.

ஊருக்கும் ஊருக்கும் இடையே நாட்களை எண்ணுவதே உலக வழக்காகவும் இருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் நம் மஅபர் நாட்டுக்கும் வந்து சென்ற இப்னு பதூதா, தில்லிக்கும் தௌலதாபாத்துக்கும் இடையே நாற்பது நாள் வழி என்றே குறிக்கிறார். கேட்பவருக்கு அது போதுமானதாக இருந்தது. எத்தனை நாள் உணவு கட்ட வேண்டும், எத்தனை இரவு தங்க வேண்டும் என்பதை அவ்வொரு சொல் கூறிவிடும்.

வானில் வரையும் கோடு

இனி, இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே இத்தனை கிலோமீட்டர் என்று இன்று எளிதாகச் சொல்கிறோமே, அந்தக் கணக்கு எப்படிப் பிறந்தது என்பதைப் பார்ப்போம்.

பூமி உருண்டை. உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட ஒரு பெருவட்டத்தின் வில். இரு ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால், வட துருவத்தையும் சேர்த்து ஒரு முக்கோணம் வரைந்து, அவ்வில்லின் அளவைக் கணித்துவிடலாம். அந்த வில்லில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே கடல் மைல், 1,852 மீட்டர். விமானிகள் இன்றும் இந்த மைலையே ஆள்கின்றனர்.

இந்தக் கோள முக்கோணக் கணிதத்தை வளர்த்தவர்களுள் முஸ்லிம் அறிஞர்கள் முன்வரிசையில் நிற்கின்றனர். அவர்களைத் தூண்டியது கிப்லாவின் திசையை அறியும் ஆவல். திசையும் தொலைவும் ஒரே முக்கோணத்தின் இரு விடைகள் அல்லவா? கலீஃபா மஃமூன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், சின்ஜார் சமவெளியில் அறிஞர்கள் ஒரு பாகையின் நீளத்தை நிலத்திலேயே அளந்தனர். பதினோராம் நூற்றாண்டில் அபூ ரைஹான் அல்பீரூனி வேறொரு வழி கண்டார். இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனா என்னும் மலைக்கோட்டையில் இருந்தபோது, முதலில் அம்மலையின் உயரத்தைக் கணித்தார். பின்னர் உச்சியில் நின்று, அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்ற கோணத்தை அளந்தார். இவ்விரண்டைக் கொண்டே பூமியின் ஆரத்தைக் கண்டார். அவருடைய விடை இன்றைய கணக்கோடு நெருங்கி நிற்பது. ஊர்களின் இருப்பிடங்களை வரையறுக்க அவர் எழுதிய 'தஹ்தீத்' என்னும் நூல், கஸ்னா நகரின் கிப்லாவைத் துல்லியமாக அறியும் நோக்கோடு, நகரம் நகரமாகத் தொலைவைத் திரட்டிக் கணித்த அரிய முயற்சி.

மலை மனிதனின் காலைத் தடுப்பது. அதே மலை பீரூனியின் கண்ணுக்குப் பூமியையே அளந்து தந்தது.

நம் தமிழ் மண்ணிலும் அத்தகைய அளவை நடந்தது. 1802 இல் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர், சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டைச் சங்கிலி கொண்டு அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்த மாபெரும் நில அளவைக்கு அந்தக் கோடே அடித்தளம். ஏழரை மைலைப் பிழையின்றி அளக்க அவர்களுக்கு வாரக்கணக்கில் காலம் பிடித்தது. அந்தப் பரங்கிமலையின் அடியில்தான் இன்று மீனம்பாக்கம் விமான நிலையம் இருக்கிறது. அங்கிருந்து எழும் விமானம் ஏழரை மைலை ஒரு சில நிமிடங்களில் தாண்டிவிடும்.

குந்தா வாசலாக இருந்த காலம்

நீலகிரியின் தென்மேற்கு மூலையில், முக்குருத்தி, அவலாஞ்சி, மேல்பவானி என்று அடுக்கடுக்காக எழும் தொடரே குந்தா மலைகள். இன்று உதகைக்கு வருவோருக்குக் குந்தா ஒரு கடைக்கோடி. பேருந்து சென்று திரும்பும் இடம். ஒரு காலத்தில் இது கடைக்கோடியாக இருக்கவில்லை, வாசலாக இருந்தது.

1819 இல் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மலைமேல் ஏறினார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே உதகை வெள்ளையருக்குரிய ஊராயிற்று. அங்கே செல்லும் வழிதான் கடினம். 1834 இல் மெக்காலே, கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைச் சந்திக்கச் சென்னையிலிருந்து பெங்களூர், மைசூர் வழியாக உதகைக்கு வந்தார். நானூறு மைல் வழியையும் பல்லக்கில், மனிதர் தோள்களின் மேல் அவர் கடந்தார். அவர் பெயர் வரலாற்றில் உண்டு. அவரைச் சுமந்து மலையேறிய தோள்களுக்கு உரியவர் எவரென்று எந்த ஏடும் கூறவில்லை. தொலைவின் வரலாற்றில் இது மறக்கலாகாத பக்கம். ஒருவருக்கு நேரம் குறையும்போதெல்லாம் வேறொருவர் அதற்கு விலை கொடுக்கிறார்.

பம்பாயிலிருந்து வருவோர் கடல்வழியே கள்ளிக்கோட்டையில் இறங்கி, நேரே உதகைக்கு ஏற ஒரு வழி வேண்டுமென ஆட்சியாளர் விரும்பினர். சென்னை கவர்னர் லஷிங்டன் காலத்தில், 1830களின் தொடக்கத்தில், சிஸ்பாரா மலைப்பாதை வெட்டத் தொடங்கப்பட்டது. மலையாளச் சமவெளியிலிருந்து காடு வழியே செங்குத்தாக ஏறி, சிஸ்பாராவில் குந்தா மலைமுகட்டைத் தொட்டு, அவலாஞ்சி வழியாக உதகையை அடையும் பாதை அது. குந்தா கணவாய் என்றும் அதற்குப் பெயருண்டு. வரைபடத்தில் பார்த்தால் அதைவிட நேரான வழி இல்லை.

ஆனால் வரைபடத்தில் மழை பெய்வதில்லையே! தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஏறி வந்து முதலில் மோதுவது குந்தா மலைகளின் மேல்தான். அவலாஞ்சி என்னும் பெயரே, 1820களில் நேர்ந்த ஒரு பெரும் நிலச்சரிவை ஒட்டி ஆங்கிலேயர் இட்டது. ஆண்டில் பல மாதங்கள் மழையும் மூடுபனியும் அட்டையும் ஆண்ட அந்தப் பாதையைப் பேணுவது எளிதாக இல்லை. கிழக்கே குன்னூர்ப் பாதை சீரானதும், சென்னையிலிருந்து வந்த ரயில் மலையடிவாரத்தை நெருங்கியதும் சிஸ்பாரா கைவிடப்பட்டது. இன்று அவ்வழி முக்குருத்தி தேசியப் பூங்காவும் அமைதிப் பள்ளத்தாக்கும் சூழ்ந்த காட்டுக்குள் மறைந்துவிட்டது. மேற்கே மலையடியில், கரிப்பூரில் 1988 இல் கோழிக்கோடு விமான நிலையம் திறக்கப்பட்டது. குந்தாவிலிருந்து நேர்கோட்டில் எண்பது கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் பழைய வாசல் மூடிக் கிடப்பதால், சுற்றிச் சுற்றியே அங்குச் செல்ல வேண்டும்.

ஒரு வழி திறப்பதும் மூடுவதும் ஊரின் விதியை மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. குந்தா இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் தொலைவு மட்டும் மாறிவிட்டது.

பல்சக்கரத்தின் பொறுமை

1873 இல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. அங்கிருந்து மேலே ஏற மேலும் இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. 1899 இல் குன்னூருக்கும், 1908 இல் உதகைக்கும் மலை ரயில் எட்டியது. தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை ஒன்றைப் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றி ஏறும் முறையைக் கையாண்டனர். பன்னிரண்டு அடி செல்வதற்குள் ஓரடி உயரும் செங்குத்து அது. 16 குகைகளையும் 250 பாலங்களையும் 208 வளைவுகளையும் கடந்து செல்லும் அந்த ரயிலை 2005 இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

மேட்டுப்பாளையத்திற்கும் உதகைக்கும் நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ரயில் செல்லும் பாதை 46 கிலோமீட்டர். ஏறுவதற்கு ஐந்து மணி நேரத்தை ஒட்டியும், இறங்குவதற்கு அதைவிட ஒரு மணி நேரத்திற்கு மேல் குறைவாகவும் ஆகிறது. போகும் தூரமும் வரும் தூரமும் ஒன்றே, நேரம் ஒன்றன்று. ஹிதாயா ஆசிரியர் கூறிய மலைக் கணக்கை இரும்பில் வார்த்துக் காட்டினாற்போல் அந்த ரயில் இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறது.

வானம் குறுகிய கதை

1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு சிறு விமானத்தில் தபால் கொண்டுவந்தார். அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். நம் நாட்டுக்குச் சொந்தமான விமானப் போக்குவரத்தின் தொடக்கம் அதுவே. 1940 இல் கோவை பீளமேட்டில் விமான நிலையம் தோன்றியது. நெசவாலைகளின் நகரம் வானத்தோடு இணைந்தது.

கோவைக்கும் சென்னைக்கும் வான்வழித் தொலைவு சற்றேறக்குறைய 400 கிலோமீட்டர். 218 கடல் மைல். ரயில் வழியில் ஏறத்தாழ 495 கிலோமீட்டர். மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் பறக்கவல்ல ஜெட் விமானத்துக்கு நானூறு கிலோமீட்டர் கடக்க அரை மணி நேரம் போதும். ஆனால் கால அட்டவணை ஒரு மணி நேரம், அதற்கு மேலும் என்கிறது. மீதி நேரம் எங்கே போகிறது?

விமானம் நின்ற இடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்ல வேண்டும். முறை வரும்வரை நிற்க வேண்டும். எழுந்த பின் உயரம் பிடிக்க வேண்டும். அதுவரை முழு வேகம் இல்லை. குறுகிய தொலைவில், உயரம் பிடித்துச் சிறிது நேரத்திற்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். இறங்கும் ஊரில் நெரிசல் இருந்தால் வட்டமிட வேண்டும். காற்றும் கணக்கில் சேரும். குளிர்காலத்தில் வட இந்திய வானில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் மேல்காற்று, வளைகுடாவிலிருந்து வருபவரைத் தள்ளிவிடும். அங்கே செல்பவரைத் தடுக்கும். கடிகாரமும் ஒரு மயக்கம் தரும். ஷார்ஜாவின் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னே நிற்பதால், நான்கு மணி நேரப் பயணம் போகும்போது இரண்டரை மணியாகவும் வரும்போது ஐந்தரை மணியாகவும் சீட்டில் தோன்றும்.

இவ்வளவும் விமானத்தின் கணக்கு. மனிதனின் கணக்கோ வீட்டு வாசலில் தொடங்குகிறது. குந்தாவிலிருந்து கோவை விமான நிலையத்துக்குச் சாலைவழி நூறு கிலோமீட்டரை ஒட்டியது. வழியில் தடையில்லாத நாளில் நான்கு மணி நேரம். முன்னதாக இரண்டு மணி நேரம் நிலையத்தில் இருக்க வேண்டும். பறப்பது ஒரு மணி நேரம். சென்னையில் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் செல்ல ஒரு மணி நேரம். ஆக எட்டு மணி நேரம். அதில் வானில் கழிவது எட்டில் ஒரு பங்கு. மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் சென்னையில் இறங்கலாம். மலையிறங்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், விமானம் எங்களுக்கு மிச்சம் பிடித்துத் தருவது ஒரு சில மணி நேரமே. கோவை நகரில் குடியிருப்பவருக்கு அதே விமானம் ஒரு பகலையே மிச்சப்படுத்தித் தருகிறது.

நெடுந்தொலைவில் மட்டும் விமானத்தின் பயன் மறுக்க முடியாதது. சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு வான்வழி ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். ஆறு மணி நேரத்திற்குள் அடங்கும் பயணம். நம் பாட்டனார் காலத்து ஹாஜிகள் பம்பாய் வரை ரயிலில் சென்று, அங்கே கப்பலுக்குக் காத்திருந்து, நாட்கணக்கில் கடலில் மிதந்து ஜித்தாவைக் கண்டனர். பம்பாயிலிருந்து சென்ற ஹஜ் கப்பல் 1995 உடன் நின்றுவிட்டது. கப்பலில் சென்றவர்கள் வழியனுப்பப்பட்டபோது, மீண்டும் காண்போமா என்ற ஏக்கத்தில் ஊரே அழுதது. இன்று கைபேசியில் முகம் பார்த்துப் பேசி அனுப்புகிறோம். தொலைவு குறைந்தது உண்மை, அல்ஹம்துலில்லாஹ்.

மின்சாரம் கடந்த வழி

குந்தா என்ற பெயரைத் தமிழகம் முழுதும் அறிவித்தது அதன் நீர்மின் திட்டம். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு 1950களில் தொடங்கி, 1960களில் வளர்ந்த பெரும் பணி அது. அவலாஞ்சி, எமரால்டு அணைகளில் தேங்கும் நீர் குழாய்களில் பாய்ந்து குந்தாவிலும், கெத்தையிலும், பரளியிலும், பில்லூரிலும் படிப்படியாகச் சுழலிகளைச் சுழற்றிக்கொண்டு பவானிக்கு இறங்குகிறது. ஒரே நீர், ஒரே மலைச்சரிவில் பலமுறை மின்சாரம் தருகிறது. பில்லூரை அடைந்த பின் அதுவே கோவை மக்களின் தாகத்தையும் தீர்க்கிறது.

மலையின் உயரமே இங்கே செல்வமாயிற்று. எந்தச் செங்குத்து எங்கள் பேருந்தைத் திணறச் செய்கிறதோ, அதே செங்குத்துதான் நீருக்கு விசையைத் தருகிறது. குந்தாவின் மின்சாரம் சமவெளி ஆலைகளுக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் சென்று சேர்கிறது. குந்தாவின் நோயாளி கோவை மருத்துவமனைக்குச் சென்று சேர அரை நாள் ஆகிறது. மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியாகக் காரமடைக்கு இறங்கும் பாதை நாற்பதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. அதன் இருபுறமும் யானை நடமாடும் காடு. குறுகிய வழிதான், ஆயினும் இரவில் அதை நம்பி ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிச் செல்ல எவருக்கும் மனம் துணியாது.

மழையோ தன் பழைய குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாலைகளும் மலை ரயில் பாதையும் அடைபட்டன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் எண்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சிஸ்பாராவை மூடிய அதே மேகங்கள் இன்றும் அதே முகட்டில்தான் வந்து நிற்கின்றன.

அதற்காக மலையை உடைத்து அகன்ற சாலை போடுவதே தீர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரிவை வெட்ட வெட்ட, அது மேலும் சரியும் என்பதை மலைமக்கள் அறிவர். வேண்டுவது வேறு. மலைக்கு மலைக்குரிய கணக்கைப் போட வேண்டும். 'விமான நிலையம் ஐம்பது கிலோமீட்டர். பெருமருத்துவமனை நூறு கிலோமீட்டர்' என்று ஏட்டில் எழுதுவோர், அருகே நேரத்தையும் எழுத வேண்டும். அதுவும் மழை நாளின் நேரத்தை. அவ்வாறு எழுதினால், எந்த மருத்துவம் மலைமேலேயே இருக்க வேண்டும், எந்த வடிகாலை மழைக்கு முன் தூர்வார வேண்டும், எந்த வளைவில் மண்ணகற்றும் இயந்திரம் காத்து நிற்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

வெளிநாட்டில் பொருளீட்டும் நம் பிள்ளைகளும், ஊரில் முதியோரை விட்டுச் செல்லும் நம் குடும்பங்களும் இக்கணக்கை அறிந்திருப்பது நலம். "ஒரு போன் செய்தால் நாலு மணி நேரத்தில் வந்துவிடுவேன்" என்று மகன் சொல்லும்போது, அது விமானத்தின் வாக்குறுதி; மலை அந்த வாக்குறுதியில் கையெழுத்திடவில்லை. உடல் தளர்ந்த தந்தையைக் காண விடுமுறைக்காகக் காத்திராமல் முன்கூட்டியே ஒருமுறை வந்து போவது, விமானத்தைவிட விரைவான ஊர்தி.

அந்த இளைஞர் மறுநாள் காலை மீண்டும் மையவாடிக்குச் சென்றார். மழை விட்டிருந்தது. எதிர்ச்சரிவுத் தோட்டத்தில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர்; அவர்கள் பேசும் குரல் தெளிவாகக் கேட்டது. கபுருக்கருகே நின்று ஸலாம் உரைத்து, நெடுநேரம் துஆ செய்துவிட்டுத் திரும்பினார். "அத்தாவுக்குக் கேட்டிருக்குமா மாமா?" என்றார்.

"கேட்டிருக்கும் தம்பி" என்றேன். துஆவுக்குக் காதமும் இல்லை, மர்ஹலாவும் இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் மலை தன் கணக்கைக் கேட்டே தீரும்.